சுவர்க்கோழிச் சண்டை: பூச்சி எவ்வளவு, மனிதன் எவ்வளவு?

சீனாவில் இரண்டு சுவர்க்கோழிகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மோதவிட்டு, பெரிய திரையில் காட்டி, கூட்டம் கூடிப் பார்க்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இது நிஜமா, அந்தப் பூச்சிகள் தாமாகச் சண்டை போடுகின்றனவா அல்லது ஏதாவது செய்து வெறியேற்றுகிறார்களா, எட்டு வயது மகனுக்கு வீட்டிலேயே இதைக் காட்டலாமா. நடுக்கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அந்தச் சண்டையில் பூச்சியின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும். நான் பூச்சியியல் படித்தவன். ஆய்வுக்கூடத்தில் முட்டை அட்டைகளுக்கு நடுவே சுவர்க்கோழி வளர்த்து, ஆண் பூச்சிகளின் சண்டையைப் பதிவு செய்து பார்ப்பது பல வருடம் என் வேலையாக இருந்தது. சீனப் பந்தயக் களங்களுக்கு நேரில் போனதில்லை. அந்தப் பகுதி முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டது.

சுருக்கமான பதில் இது: சண்டை பூச்சியுடையது. அதை நீளவைப்பதும், மறுபடி மறுபடி நடக்கவைப்பதும் மனிதன். இனி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனிதன் செய்கிற வேலை நீங்கள் நினைப்பது போல வெறியேற்றுவது இல்லை. அதைவிட நுணுக்கமானது.

முதலில் வீடியோ. அது நிஜம்தான். சண்டைக்கு விடுவது வெலாரிஃபிக்டோரஸ் மிகாடோ என்ற வயல் சுவர்க்கோழி இனத்தின் ஆண்கள். ஒன்றின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. இவற்றுக்குப் பேர்போன இடம் ஷான்டோங் மாகாணம், அதிலும் நிங்யாங், நிங்ஜின் என்ற இரண்டு மாவட்டங்கள். ஆகஸ்ட் மாதம் ஊர்க்காரர்கள் ராத்திரியில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் சின்ன வலையோடு மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். பாடும் ஆணின் சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துப் பிடிக்கிறார்கள். விடிந்ததும் தெருவோரத்தில் வரிசையாகச் சின்னச் சாடிகள். ஷாங்காய், பெய்ஜிங், தியான்ஜின் போன்ற நகரங்களிலிருந்து வந்தவர்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார்கள். பெரும்பாலானவை சில யுவானுக்குப் போகும். அபூர்வமான ஒன்றிரண்டு பல்லாயிரம் யுவானுக்கும் போகும். வாங்கியவர் அதைத் தனித்தனி மண்சாடியில் வைத்து, தீனி கொடுத்து, தாடை கெட்டிப்படும்வரை சில வாரம் காத்திருப்பார். செப்டம்பர் தொடக்கத்தில் சண்டை தொடங்கி அக்டோபர் கடைசியில் முடிந்துவிடும். குளிர் ஏறினால் பூச்சியே செத்துவிடுகிறது, மண்ணில் இட்ட முட்டை மட்டும் அடுத்த வருடத்துக்கு மிஞ்சும். ஆக ஒரு வீரனின் வாழ்க்கையே ஒரு இலையுதிர்காலம்தான். போன வருட வெற்றியாளன் இந்த வருடம் வரவே முடியாத விளையாட்டு இது.

இப்போது பூச்சியின் பங்கு. மனிதர் யாருமே இல்லாத வயலில், இரண்டு ஆண் சுவர்க்கோழிகள் ஒரே பொந்துக்கோ ஒரே பெண்ணுக்கோ போட்டி போட்டால் சண்டை நடக்கும். இதில் சந்தேகமே இல்லை. அந்தச் சண்டைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உணர்கொம்புகள் தொட்டுக்கொள்ளும், கம்பு சுற்றுவது போல ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்தத் தொடுதலிலேயே எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறது. உடலின் மேல்தோலில் இருக்கும் மெழுகுப் பொருட்கள் ஆணுக்கு ஒருவிதம், பெண்ணுக்கு ஒருவிதம். பெண் என்றால் மெல்லிய காதல் பாட்டு. ஆண் என்றால் ஒன்று தாடையை விரித்துக் காட்டும், பிறகு இரண்டுமே விரிக்கும், அப்புறம் தாடைகள் கோத்துக்கொள்ளும். கடைசிக் கட்டம்தான் மல்யுத்தம்: தாடையைப் பிடித்துத் தள்ளுவது, தூக்குவது, புரட்டுவது. எந்தக் கட்டத்திலும் ஒன்று விலகி ஓடலாம். ஓடியதும் சண்டை முடிந்தது. ஜெயித்தது முன்சிறகுகளை உரசிச் சத்தமாக ஒரு பாட்டுப் பாடும், தோற்றது வாயே திறக்காது. வாய் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். இவற்றின் பாட்டு சிறகில், காது முன்னங்காலில்.

இந்த முழுக் கதையும் பெரும்பாலும் சில வினாடிகளில் முடிந்துவிடும். நான் பதிவு செய்தவற்றில் ஒரு நிமிடத்தைத் தாண்டியவை குறைவு. காயம் படுவதும் குறைவுதான். எப்போதாவது ஒரு உணர்கொம்பு அறும், எப்போதாவது தாடை விரிசல் விடும். நம்மூர்ச் சேவல் கட்டில் கத்தி கட்டி விடுவதைப் பார்த்தவர்கள் சுவர்க்கோழிச் சண்டை என்றதும் ரத்தக்களரியை நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. கொல்வது இந்தப் பூச்சியின் நோக்கமே கிடையாது. எதிராளி இடத்தைக் காலி செய்தால் போதும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. விலங்குகளின் சண்டையை ஆட்டக் கோட்பாட்டை (எதிராளி என்ன செய்வான் என்பதைப் பொறுத்து லாப நஷ்டம் பார்க்கும் கணிதத்தை) வைத்துப் பார்க்கலாம் என்று ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973-ல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. சாரம் இதுதான்: சண்டைக்குச் செலவு உண்டு, தோற்கப்போகிறவன் சீக்கிரம் தெரிந்துகொண்டு விலகினால் இரண்டு பேருக்கும் லாபம். உணர்கொம்புத் தட்டலும் தாடை விரிப்பும் அந்தக் கணக்கைப் போடும் நேரம். ஒருவன் பெரியவன், ஒருவன் சிறியவன் என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். இருவரும் சமம் என்றால் கணக்கு சரிவராது. அப்போதுதான் சண்டை அடுத்தடுத்த கட்டத்துக்கு ஏறும்.

சீனக் களத்தில் நடக்கும் முதல் வேலையே எடை போடுவது. பழைய காலத்தில் சின்னத் தராசு, இப்போது மின்னணுத் தராசு. ஒரே எடை உள்ளவற்றைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு வைக்கிற மாதிரி நியாயத்துக்காகத்தான் இதைச் செய்கிறார்கள், பந்தயம் கட்டுகிறவருக்கும் அப்போதுதான் சுவாரசியம். ஆனால் பூச்சியின் பக்கமிருந்து பாருங்கள். வயலில் பெரும்பாலான சந்திப்புகள் சமமில்லாதவை, ஆகவே தொட்டதும் முடிந்துவிடுபவை. சமமான இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் நிற்பது அங்கே எப்போதாவது நடப்பது. களத்தில் அதுவே விதி. ஊசி, மருந்து எதுவும் இல்லாமல், வெறும் தராசை வைத்தே சண்டையை மூர்க்கமாக்க முடிகிறது. மனிதனின் பங்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, களம். பழைய முறையில் அது ஒரு மண்சாடி, இப்போது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் தூக்கும் தடுப்பு. வயலில் தோற்றவன் இரண்டு தாவல் தாவினால் புல்லுக்குள் மறைந்துவிடுவான். பெட்டிக்குள் தாவினால் சுவரில் மோதி மறுபடி எதிராளியின் காலடியிலேயே விழுவான். ஆய்வுக்கூடத்திலும் இதே சிக்கல்தான். சின்னப் பெட்டியில் பதிவு செய்த சண்டையைப் பார்த்துவிட்டு ‘இந்த இனம் இவ்வளவு முரட்டுத்தனமானது’ என்று எழுதினால் பாதி பொய். அது அந்தப் பெட்டியின் முரட்டுத்தனமும் சேர்ந்தது.

மூன்றாவது, அந்த வீடியோவில் ஒருவர் மெல்லிய குச்சி போன்ற ஒன்றால் பூச்சியின் தலையையும் வாலையும் வருடிக்கொண்டே இருப்பாரே, அது. வெறியேற்றுவது என்று நீங்கள் சந்தேகப்பட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு வகைப் புல்லின் தண்டு நுனியைப் பிரித்து நார் போல ஆக்கியிருப்பார்கள். எலி மீசையைக் கட்டிய குச்சியும் உண்டு. அது குத்துவதில்லை, வலிக்க வைப்பதில்லை. அது உணர்கொம்பின் வேஷம் போடுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆணின் உணர்கொம்பைத் தனியாக எடுத்து இன்னொரு ஆணின் உணர்கொம்பில் அடித்தாலே அது தாடையை விரித்துவிடும், எதிரே முழுப் பூச்சி இருக்கவேண்டும் என்றே இல்லை. ஏதோ ஒரு எதிரி வந்து தட்டுகிறான் என்ற சேதியை அந்தப் புல் கொடுக்கிறது. தாடை விரிகிற வேகம், பாட்டின் கனம் இவற்றைப் பார்த்து இன்று இவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று கணிப்பார்கள். நல்ல புல்காரர் என்பவர் இந்த விளையாட்டில் மரியாதைக்குரிய ஆள். அது கைவேலை. என்னால் ஒரு தூரிகை மயிரை வைத்து அதில் கால்வாசிகூடச் செய்ய முடிந்ததில்லை.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தோற்ற சுவர்க்கோழி உடனே மறுபடி சண்டைக்கு வராது. சில மணி நேரத்துக்கு எந்த ஆணைக் கண்டாலும், தன்னைவிடச் சின்னவனாக இருந்தாலும், விலகிப் போகும். சீனாவில் பழக்கிகள் (பூச்சியைச் சண்டைக்குத் தயார்செய்பவர்கள்) தோற்ற பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி, பல முறை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். அப்படிச் செய்தால் மறுபடி சண்டைக்கு நிற்கும் என்பது அவர்கள் அனுபவம். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் ஹான்ஸ் ஹோஃப்மனும் பால் ஸ்டீவன்சனும் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 2000-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். தோற்ற பூச்சியைக் காற்றோட்டத்தில் சிறிது நேரம் சிறகடிக்க வைத்தால், மணிக்கணக்கில் வரவேண்டிய துணிச்சல் நிமிடங்களில் திரும்பிவிடுகிறது. நடக்க வைத்தாலோ தொந்தரவு செய்தாலோ அப்படி ஆவதில்லை, பறக்கும் இயக்கம்தான் வேலை செய்கிறது. பிந்தைய ஆய்வுகள் ஆக்டோபமின் என்ற பொருளைக் கைகாட்டுகின்றன. நம் உடலில் நார்அட்ரினலின் (ஆபத்து நேரத்தில் உடலை உஷாராக்கும் ரசாயனம்) செய்யும் வேலையைப் பூச்சியில் ஏறக்குறைய அது செய்கிறது. பழக்கிகளின் கைப்பழக்கத்தை நரம்பியல் பின்னால் வந்து உறுதிப்படுத்திய விஷயம் இது. ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கவேண்டும்: இந்த ஆய்வுகள் கிரில்லஸ் பைமாகுலேட்டஸ் என்ற இனத்தில் நடந்தவை. இந்தியாவிலும் உள்ள, ஆய்வுக்கூடங்கள் விரும்பி வளர்க்கும் பெரிய கறுப்புச் சுவர்க்கோழி அது. களத்தில் இறங்கும் ஷான்டோங் பூச்சி வேறு இனம். அடிப்படை ஒன்றுதான் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது, ஆனால் அளவுகள் அப்படியே பொருந்தும் என்று நினைக்கக்கூடாது.

தனிச் சாடியில் வாரக்கணக்கில் வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். தனிமை பூச்சியை மூர்க்கமாக்குகிறது என்று வெகுநாள் நினைத்தோம், பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஸ்டீவன்சனும் யான் ரில்லிச்சும் 2013-ல் அதைத் திருப்பிப் போட்டார்கள். கூட்டமாக வைத்த ஆண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே யாரிடமோ தோற்றவர்கள், அதனால் அடங்கிக் கிடக்கிறார்கள். தனியே வைத்தால் அந்தத் தோல்வியின் பாரம் கலைந்து இயல்புக்குத் திரும்புகிறார்கள். சாடி கோபத்தை ஊட்டுவதில்லை, தோல்வியை அழிக்கிறது. மேலே சொன்ன நான்கையும் கூட்டிப் பார்த்தால் சண்டைப் பழக்கியின் கலை முழுவதும் இதுதான் என்பேன்: பூச்சிக்குள் சண்டையை நிறுத்தும் ஏற்பாடுகள் இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. அதோடு சண்டைக்கு முன் பெண்ணோடு சேரவிடுவதும் வழக்கம், பெண்ணை அடைந்த ஆண் விட்டுக்கொடுக்காமல் நிற்பான் என்பது ஆய்விலும் காணப்பட்டது.

வரலாறு பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், ‘2000 வருடப் பழமை’ என்று வீடியோவில் சொன்னதாக. அது மிகை. தாங் அரச வம்சக் காலத்தில் (618–907) பாட்டுக்காகக் கூண்டில் வைத்து வளர்த்தது தெரியும். சண்டை தெளிவாகத் துலங்குவது அடுத்து வந்த சோங் வம்சக் காலத்தில் (960–1279). தென் சோங் அரசின் தலைமை அமைச்சர் ஜியா ஸிதாவ் (1213–1275) சுவர்க்கோழிப் பைத்தியம் என்று வரலாற்று நூல்களே திட்டுகின்றன. மங்கோலியர் நாட்டை நெருக்கிக்கொண்டிருந்தபோது இவர் தரையில் குந்திப் பூச்சிச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார் என்று கதை. தோற்ற அரசின் அமைச்சரைப் பற்றி வென்றவர்கள் காலத்தில் எழுதிய வரலாறு அது என்பதை மறக்கக்கூடாது. சுவர்க்கோழி வளர்ப்புக்கான முதல் கையேடும் அவர் பேரில்தான் வழங்குகிறது, ஆனால் நம் கைக்கு வந்திருப்பது பிந்தைய மிங் வம்சக் காலத்துப் (1368–1644) பதிப்பு. அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்பது விவாதம். மிங் பேரரசர் ஷுவான்தே (ஆட்சி 1425–1435) விஷயம் கொஞ்சம் உறுதியானது. அவர் சூஜோ நகர ஆட்சியாளரிடம் சுவர்க்கோழி அனுப்பச் சொன்னதாக மிங் எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். எழுத்தை நம்பாவிட்டாலும் மண் சாட்சி சொல்கிறது: 1993-ல் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டேஜன் ஊரில் அரசுச் சூளை இருந்த இடத்தைத் தோண்டியபோது அவர் ஆட்சி முத்திரையிட்ட பீங்கான் சுவர்க்கோழிச் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அவர் இறந்ததும் கெட்ட பேருக்குப் பயந்து உடைத்துவிட்டார்கள் என்பது ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

பழக்கிகளின் மற்ற நம்பிக்கைகளில் சரிபாதி தேறும். பெரிய தலை, அகன்ற தாடை உள்ளதை எடு என்பார்கள். உடல் எடை சமமாக இருக்கும்போது தலையும் தாடையும் பெரியவை ஜெயிப்பது மேற்கத்திய இனங்களில் அளந்து பார்த்தும் தெரிந்தது, தாடையை இயக்கும் தசை தலைக்குள்தானே இருக்கிறது. நீலம், மஞ்சள், ஊதா, கறுப்பு என்று நிறத்தால் தரம் பிரிப்பது வேறு கதை. நிறம் எப்போது தோலுரித்தது, எவ்வளவு முதிர்ந்தது என்பதை ஓரளவு காட்டலாம், அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சரியாக நிரூபித்ததில்லை. ஷான்டோங் மண்தான் பூச்சிக்கு வீரம் தருகிறது என்பதும் அப்படித்தான். சந்தையில் விலை ஏற அது உதவுகிறது என்பது மட்டும் நிச்சயம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. சீனாவில் சுவர்க்கோழியை மோதவிடுவது குற்றமில்லை, சூதாட்டம் குற்றம். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் இந்தப் பொழுதுபோக்கே பழைய சமூகத்தின் எச்சம் என்று ஒடுக்கப்பட்டது, பின்னால் மறுபடி தலையெடுத்தது. இன்று பந்தயம் இல்லாத போட்டிகள் வெளிப்படையாக நடக்கின்றன. பந்தயம் உள்ளவை மறைவாக நடக்கின்றன, போலீஸ் சோதனையும் நடக்கிறது. பெரும்பணம் புரளும் இடங்களில் பூச்சிக்குப் போதை மருந்து கொடுப்பதாகப் பேச்சு உண்டு, அதனாலேயே போட்டிக்குச் சில நாள் முன்பே எல்லாப் பூச்சிகளையும் உரியவர்களிடமிருந்து பெற்றுப் பொதுக் காவலில் வைத்து ஒரே தீனி கொடுப்பார்கள். வெறியேற்றுகிறார்களா என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஓரளவு இடம் இருப்பது இங்கேதான்.

சீனா மட்டும்தானா என்றால் இல்லை. வட தாய்லாந்தில் ‘சியாங் மாய்’, ‘நான்’ என்ற மாகாணங்களின் பக்கத்தில் மழைக்காலக் கடைசியில் கொம்பு வண்டுச் சண்டை நடக்கும். நம் தென்னந்தோப்புக்காரர்கள் குருத்தைக் குடைகிறது என்று கம்பியால் குத்தி எடுக்கிறார்களே காண்டாமிருக வண்டு, அதன் உறவுக்கார இனம். அங்கே அதைக் கரும்புத் துண்டில் கட்டி வீட்டுத் திண்ணையில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். களம் ஒரு மரக்கட்டை. அதில் குழி வெட்டி ஒரு பெண் வண்டை உள்ளே வைத்திருப்பார்கள், அந்த வாசனைக்குத்தான் இரண்டு ஆண்களும் நிற்கும். பழக்கி வரிவரியாக வெட்டிய சின்னக் குச்சியைக் கட்டையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார், அந்த அதிர்வு வண்டை முடுக்கும். இரண்டு கொம்பும் கோத்து ஒன்றையொன்று தூக்கப் பார்க்கும், தூக்கி எறியப்பட்டதோ பின்வாங்கியதோ தோற்றது. பருவம் முடிந்ததும் பலர் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நான் படித்த பூச்சிச் சண்டைகளில் இதுதான் ஓரளவு மென்மையானது.

சிலந்திச் சண்டை வேறு. சிலந்தி பூச்சியே இல்லை என்பது உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் இந்தப் பேச்சில் அது தானாக வந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் பையன்கள் தீப்பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்துச் சிலந்தி வளர்த்து, ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் விட்டு நடுவில் சந்திக்க வைப்பார்கள். அங்கே தோற்றது பல சமயம் கடிபட்டு, நூலால் சுற்றப்பட்டு இரையாகிவிடுகிறது. ஜப்பானில் ககோஷிமா பகுதியின் கஜிகி ஊரில் ஜூன் மாதம் நடப்பதும் குச்சியின் மேல்தான், பெண் சிலந்திகள்தான், ஆனால் ஒன்று மற்றதைக் கடித்ததும் அல்லது நூல் சுற்றியதும் நடுவர் விரலால் பிரித்து எடுத்துவிடுவார். 16-ம் நூற்றாண்டின் இறுதியில் கொரியப் போருக்குப் போன ஷிமாசு யோஷிஹிரோ படைவீரர்களை உற்சாகப்படுத்தத் தொடங்கியது என்பது ஊர்க் கதை. சிங்கப்பூரில் கம்பங்களில் (மலாயில் கிராமங்களுக்கு அந்தப் பேர்) வளர்ந்த பழைய தலைமுறையினரைக் கேட்டுப் பாருங்கள், தமிழர்களும் இதில் சேர்த்தி: இலையிடுக்கில் மறைந்திருக்கும் சின்னத் தாவும் சிலந்தியைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போய் மோதவிட்ட கதை சொல்வார்கள். அந்த இனத்தில் ஆண்கள் முன்னங்காலைத் தூக்கி மிரட்டிக்கொள்ளும், தோற்றது ஓடிவிடும். இன்னொன்றும் இணையத்தில் கிடைக்கும்: தேளையும் வண்டையும், பூரானையும் வெட்டுக்கிளியையும் ஒரே பெட்டியில் போட்டுப் படம் பிடிப்பது. அதைச் சண்டை என்றே நான் சொல்லமாட்டேன். வெவ்வேறு இனங்களுக்கு நடுவில் எந்த வரிசையும் கிடையாது, ஒதுங்கும் அடையாளமும் கிடையாது. ஒன்று மற்றதைத் தின்பதுதான் முடிவு.

வலிக்குமா? இதில் நிச்சயமானதையும் நிச்சயமில்லாததையும் பிரித்தே சொல்லவேண்டும். கேடு தரும் தூண்டலை உணர்ந்து விலகும் நரம்பு ஏற்பாடு பூச்சிகளுக்கு இருக்கிறது, இது உறுதி. நாம் வலி என்று அனுபவிப்பது போன்ற ஒன்று உள்ளே நடக்கிறதா என்பது திறந்த கேள்வி. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு ஈ, கொசு, கரப்பான், கறையான் வகைகளில் அதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி வரிசைக்குச் சான்று குறைவு, ஆனால் அவற்றில் சோதித்துப் பார்த்ததே குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். தோற்ற பூச்சி மணிக்கணக்கில் ஒடுங்கிக் கிடப்பதை ஆய்வுக் கட்டுரைகளே ‘தோல்விக்குப் பிந்தைய மனச்சோர்வு’ என்ற பொருளில் பேரிட்டு எழுதுகின்றன. அது வசதிக்காக வைத்த பேர், நிரூபணம் இல்லை. என் சொந்த நிலை இது: தப்பி ஓட வழி இருக்கும் சண்டையைப் பார்ப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை, அந்த வழியை அடைத்துவிட்டுப் பார்ப்பதில் உண்டு.

கடைசியாக உங்கள் மகன். இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் (1960) ‘விலங்கு’ என்பதற்கு மனிதன் அல்லாத எந்த உயிரும் என்றே பொருள் சொல்கிறது, வெறும் கேளிக்கைக்காக விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதும் அதில் குற்றம். சுவர்க்கோழிக்காக யாரும் வழக்குப் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை, நான் வக்கீலும் இல்லை, ஆனால் சட்டத்தின் எழுத்து அப்படித்தான் இருக்கிறது. அதனால் தூண்டாமல் பாருங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு அங்குலம் ஈர மணல், இரண்டு மூன்று முட்டை அட்டைத் துண்டுகள், மேலே கொசுவலை. மழைக்காலத்தில் தோட்டத்துக் கல்லையோ செங்கல்லையோ புரட்டினால் பூச்சி கிடைக்கும். பின்னால் ஊசி போல நீண்டிருந்தால் பெண், அது மணலில் முட்டையிடும் கருவி. ஊசி இல்லாமல் சிறகில் வரிகள் சுருண்டிருந்தால் ஆண். இரண்டு ஆண், ஒரு பெண் போதும். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும், முதிர்ந்த பூச்சிக்கு அது மறுபடி முளைக்காது. ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். வெள்ளரித் துண்டு, கேரட், கொஞ்சம் ராகி மாவு தீனிக்குப் போதும், தண்ணீருக்கு நனைத்த பஞ்சு. இருட்டிய பிறகு சிவப்பு விளக்கில் பார்த்தால் அவை அதிகம் கலவரப்படாது. உணர்கொம்புத் தட்டல், தாடை விரிப்பு, தோற்றவன் அட்டைக்கு அடியில் ஒளிவது, ஜெயித்தவன் பாடுவது எல்லாமே ஒரே ராத்திரியில் கிடைத்தாலும் கிடைக்கும். ராத்திரியெல்லாம் பாட்டு இருக்கும், படுக்கையறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.